உங்கள் கையில் இருக்கும் அந்த இன்டர்னல் மார்க்

நெய்யாற்றின்கரை முதல் குலசேகரம் வரை, எல்லையின் இரு பக்கமும் நர்சிங், மருத்துவம், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி என்று சுகாதாரத் துறைப் படிப்புகளைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,



திருச்சூரில் இருக்கும் கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துக்கோ, கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கோ, டெல்லியில் இருக்கும் கவுன்சில்களுக்கோ இந்த மடலை நான் எழுதவில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. கேள்வித்தாள் எங்கோ தயாராகிறது. விடைத்தாள் பெயர் மறைக்கப்பட்டு எங்கோ திருத்தப்படுகிறது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் வார்டையே ஒரு கலக்கு கலக்கிவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடித்துவிடுகிறார். பிள்ளையை வருஷக்கணக்காகப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் நீங்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

நான் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அதியன்னூரில் குடியிருக்கிறேன். ஆறாலுமூட்டிலும் அமரவிளையிலும் காலையில் யூனிஃபார்மோடு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளில் பலர் உங்கள் மாணவர்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள்; இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். பேட்ச் பேட்ச்சாக என் வார்டுக்கும் போஸ்டிங் வந்தார்கள். நீங்கள் அனுப்பிவைத்தீர்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் பார்த்ததும் நீங்கள் போட்ட மார்க்கும் பல நேரம் ஒத்துப்போகவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கணக்குப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021 இல் பி.எஸ்சி. நர்சிங்கை செமஸ்டர் முறைக்கு மாற்றியபோது, தியரி தாளில் நூற்றுக்கு 25 மதிப்பெண்ணை இன்டர்னலுக்கு ஒதுக்கியது. செய்முறையில் பாதிக்குப் பாதி. நூற்றில் 50 உங்களுடையது. எம்.பி.பி.எஸ். படிப்பில் 1997 விதிகளின்படி மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு இன்டர்னல். 2019 இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்ததும் அதை இறுதி மதிப்பெண்ணோடு கூட்டுவதை நிறுத்தினார்கள். ஆனால், அதில் தேறாதவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுதவே முடியாது என்று வைத்துவிட்டார்கள். தியரியிலும் செய்முறையிலும் தனித்தனியே 40 சதவீதம், இரண்டும் சேர்ந்து 50 சதவீதம் வேண்டும். ஆக, எந்தப் படிப்பானாலும் வாசலில் நிற்பவர் நீங்கள்தான்.

விதி எழுதியவர்கள் இத்தனையை உங்களிடம் ஒப்படைத்தது ஒரு நம்பிக்கையில்தான். பிள்ளை நோயாளியின் பக்கத்தில் நின்று என்ன செய்கிறாள் என்று நீங்கள் பார்ப்பீர்கள், பார்த்ததைக் கொண்டு மார்க் போடுவீர்கள் என்ற நம்பிக்கை.

பார்க்கிறீர்களா?

கோபப்படாமல் கேளுங்கள். போஸ்டிங் முடிகிற வாரம் வார்டின் ஓரத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கேஸ் ஸ்டடியும் கேர் பிளானும் சீனியர் அக்காவின் ஃபைலிலிருந்து பகர்த்தி எழுதப்படுகின்றன. நோயாளியின் பெயரும் வயதும் மட்டும் மாறும். சர்க்கரை நோயாளியின் கேர் பிளானில் இருந்த வரி மூச்சுத்திணறல் நோயாளியின் கேர் பிளானிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கடைசி நாள் லாக்புக்குகள் அடுக்காக வந்து சேரும். ஒரே பேனா, ஒரே தேதி, ஒரே ஓட்டத்தில் கையெழுத்து. கத்தீட்டர் போட்டதாக, ரைல்ஸ் டியூப் போட்டதாக, ஊசி போட்டதாக எழுதியிருக்கும். செய்தாளா, செய்தபோது யாராவது நின்று பார்த்தார்களா என்று எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மருத்துவ மாணவர்களின் லாக்புக்கை எடுத்துப் பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையம் தந்த படிவத்தில் அந்தத் திறனை எத்தனையாவது முயற்சியில் செய்தார், எதிர்பார்த்த அளவுக்குக் கீழா, அந்த அளவா, அதற்கு மேலா, முடிந்ததா, திரும்பச் செய்ய வேண்டுமா என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. ஆசிரியர் கருத்துச் சொன்னாரா என்பதற்கும் ஒரு கட்டம். அதைக் கேட்டுக்கொண்டதற்கு மாணவர் கையெழுத்திட இன்னொரு கட்டம். இதைவிடத் தெளிவாக எந்த விதியும் எழுத முடியாது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. அந்தக் கருத்தை மாணவரிடம் கேட்டால், "ஓகே சொன்னாங்க சிஸ்டர்" என்பதற்கு மேல் பதில் வராது.

இப்படிப் போடுகிற மார்க்கால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். இரண்டு விதமான பிள்ளைகளைச் சொல்கிறேன். ஒருத்தி வைவாவில் வெளுத்து வாங்குவாள். கேள்வி முடியும் முன்னே ஆங்கிலத்தில் பதில் வந்து விழும். உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வகுத்த கை கழுவுதலின் ஐந்து தருணங்களைக் கேளுங்கள்: நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ளவற்றைத் தொட்ட பின் என்று ஒப்பிப்பாள். அதே பிள்ளை ஆறாவது கட்டிலில் பி.பி. பார்த்த கையோடு ஏழாவது கட்டிலுக்குப் போவாள். இன்னொருத்தி விளவங்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவள். கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால், யாரும் பார்க்காத நேரத்திலும் கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த ஆளைத் தொடுவாள். ராத்திரி படுக்கையை நனைத்துவிட்ட கிழவியின் மானம் போகாமல் விரிப்பை மாற்றத் தெரிந்தவள். உங்கள் இன்டர்னல் பட்டியலில் முதலாமவள் மேலே இருப்பாள். இரண்டாமவள் தேறினால் பெரிது. வார்டில் இருக்கும் நாங்கள் எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள யாரைக் கூப்பிடுவோம்? உங்களுக்கே தெரியும்.

இது ஒரு கிழட்டு சிஸ்டரின் புலம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் பாடப்புத்தகமே இதைச் சொல்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990 இல் மாணவரின் திறனை நான்கு படிகளாக வைத்தார். விஷயம் தெரிந்திருப்பது முதல் படி. எப்படிச் செய்வது என்று தெரிந்திருப்பது இரண்டாவது. செய்து காட்டுவது மூன்றாவது. யாரும் தேர்வு வைக்காத சாதாரண நாளில் அதையே செய்வது நான்காவது. எழுத்துத் தேர்வும் வைவாவும் முதல் இரண்டு படியோடு நின்றுவிடும். மூன்றாவது படிக்காகத்தான் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975 இல் ஓ.எஸ்.சி.இ. முறையைக் கொண்டுவந்தார். நிலையம் நிலையமாகச் சுற்றி வந்து, குறித்த நிமிடங்களுக்குள், செக்லிஸ்ட் வைத்திருக்கும் தேர்வாளர் முன் செய்து காட்டும் தேர்வு அது. நர்சிங் செய்முறைத் தேர்விலும் இப்போது அது வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால், செக்லிஸ்ட்டும் மனப்பாடத்துக்குப் பழகிவிட்டது. பொம்மையின் முன் நின்று, "நான் இப்போது கை கழுவுகிறேன்" என்று வாயால் சொன்னால் ஒரு மார்க். குழாயைத் திறக்கவே வேண்டாம்.

நான்காவது படியை வார்டில் மட்டும்தான் பார்க்க முடியும். அதற்கும் வழி இருக்கிறது. ஜான் நார்சினியும் உடன் பணியாற்றியவர்களும் 1995 இல் மினி-சி.இ.எக்ஸ். என்ற எளிய முறையை எழுதிவைத்தார்கள். மாணவர் நிஜமான நோயாளியோடு பேசி, பரிசோதிப்பதை ஆசிரியர் கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் நின்று பார்க்க வேண்டும். முடிந்ததும் அங்கேயே, அப்போதே, எது சரி, எது சரியில்லை என்று சொல்ல வேண்டும். கருவி வேண்டாம், ஸ்கில் லேப் வேண்டாம், கூடுதல் கட்டணம் வேண்டாம். நீங்கள் வார்டுக்கு வந்தால் போதும்.

பாலராமபுரத்தில் தறி இருக்கும் வீடுகள் உங்களுக்குத் தெரியும். பாவு ஓடும்போதே கரையில் கண் வைத்து, இழை தளர்ந்த இடத்தை அங்கேயே சரிசெய்யச் சொல்வார் மூத்த நெசவாளர். மடித்துக் கட்டிய பின் குறை சொல்வதில் அந்தப் புடவைக்கு என்ன லாபம்? செமஸ்டர் முடிந்து இன்டர்னல் பட்டியலை ஒட்டுகிற வேலை அப்படித்தான் இருக்கிறது. 25க்கு 14 என்று இருக்கும். அந்த 11 எங்கே போனது என்று பிள்ளைக்கும் தெரியாது. கேட்க தைரியமும் இராது.

இந்த எல்லை ஊர்களுக்கென்றே இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாறசாலைத் தாலுகா ஆஸ்பத்திரியின் ஓ.பி. வரிசையிலும் நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியின் வார்டிலும் ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர்கள் நிறையப் பேர். "தலை கறங்குது மோளே" என்று ஒரு அம்மா சொன்னால், எழுந்து நிற்கும்போதா, படுத்துத் திரும்பும்போதா, சாப்பிடாமல் இருந்தாரா, மாத்திரை கூடிவிட்டதா என்று ஒவ்வொன்றாக அவர் பேச்சிலேயே கேட்டு வாங்க வேண்டும். அது நோயறிதலில் பாதி வேலை. உங்கள் மார்க் பட்டியலில் அதற்கு எங்கேயாவது இடம் இருக்கிறதா?

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தும் கிடைக்கிறது. அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை அடியோடு இறங்கி, விடியுமுன் வீட்டிலேயே ஆள் மயங்கிக் கிடப்பார். இந்த வித்தியாசத்தை ஆங்கிலத்தில் ஐந்து மார்க் கேள்வியாக எழுத உங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். டிஸ்சார்ஜ் ஆகும் முதியவருக்கு அவர் பேச்சில் சொல்லிப் புரியவைத்து, "இனி நீங்கள் சொல்லுங்கள், எப்படிப் போடுவீர்கள்?" என்று திருப்பிச் சொல்ல வைத்துப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? வடக்கிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைக்கு இது கஷ்டம்தான். ஆனால், வார்டில் நாலு வருஷம் இருக்கப்போகிறவர், கேட்கத் தேவையான ஐம்பது வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள மாட்டாரா? மதிப்பெண் இருந்தால் கற்றுக்கொள்வார். பிள்ளைகள் எதற்கு மார்க் இருக்கிறதோ அதைத்தான் படிப்பார்கள். அது அவர்கள் குற்றமல்ல.

இனி, சொல்லக் கஷ்டமான ஒன்று. "இன்டர்னலில் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாக்கியம் உங்களில் சிலர் வாயில் சாதாரணமாக வருகிறது. ஹாஸ்டலுக்கு லேட்டாக வந்தவள், ஃபீஸ் கட்டத் தாமதித்தவள், எதிர்க்கேள்வி கேட்டவள், சங்கத்தில் சேர்ந்தவன் என்று எல்லோருக்கும் அதே மிரட்டல். மார்க் ஒரு மூக்கணாங்கயிறாகிவிட்டது. அதனால் வார்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று எந்தப் பிள்ளையும் வாய் திறந்து சொல்வதில்லை. தப்பான நேரத்தில் மருந்து கொடுத்தால் சார்ட்டைத் திருத்துகிறாள். சொல்லிவிட்டால் மார்க் போகும் என்ற பயம். மருந்தில் நடக்கும் பிழையை உடனே சொன்னால் நோயாளியைக் காப்பாற்றலாம். மறைக்கக் கற்றுக்கொண்ட மாணவி, வேலைக்குப் போன பிறகும் மறைப்பாள். ஒழுங்கைக் காக்கிறோம் என்று நினைத்து, இந்தத் தொழிலில் இருக்கவே கூடாத ஒரு பழக்கத்தை வளர்க்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தாராளமும் இருக்கிறது. யாரும் எலிஜிபிலிட்டி இழந்துவிடக் கூடாது, பாஸ் சதவீதம் குறையக் கூடாது, அடுத்த வருஷ அட்மிஷன் நோட்டீஸில் போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி அள்ளிப்போடுவது. கருணை மாதிரி தெரியும். வன்மத்தில் வெட்டிய மார்க்குக்கும் விளம்பரத்துக்காகக் கூட்டிய மார்க்குக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. பிள்ளை செய்ததை யாரும் பார்க்காமலே எழுதப்பட்டவை இரண்டும்.

கடைசியில் விலை கொடுப்பவர் யார்? பட்டம் வாங்கிய பிறகு வளைகுடாவுக்கு ஒரு தேர்வு, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ், பிரிட்டனுக்கு மறுபடியும் ஓ.எஸ்.சி.இ. பிரிட்டனின் அந்தத் தேர்வில் நிலையம் நிலையமாகச் சென்று நோயாளியாக நடிக்கும் ஆளிடம் பேசி, திட்டமிட்டு, செய்து காட்ட வேண்டும். நாலு வருஷம் வார்டில் நின்ற பெண், நோயாளியோடு எப்படிப் பேசுவது என்று கோச்சிங் சென்டரில் பணம் கட்டிக் கற்கிறாள். அந்தப் பணம் அப்பா வைத்திருந்த ரப்பர் மரத்திலிருந்தோ அம்மாவின் வளையலிலிருந்தோ வருகிறது. ஊரிலேயே இருந்துவிடுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கோச்சிங்கும் இல்லை. அவர்கள் கற்றுக்கொள்வது நம் நோயாளிகளின் உடம்பில். எம்.பி.பி.எஸ். முடிப்பவர்களுக்கு நாடு முழுக்க ஒரே தேர்வு என்று 2019 சட்டத்தில் எழுதியாகிவிட்டது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் வார்டில் நின்று பார்க்க வேண்டியவரின் இடத்தை அந்தத் தேர்வு நிரப்பாது.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெக்கார்டு தயாரித்தே உங்கள் பாதி நாள் போய்விடுகிறது. சம்பளம் குறைவு, வேலை நிரந்தரமில்லை, நிர்வாகத்தின் நெருக்கடி வேறு. ஒரு டியூட்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று காகிதத்தில் ஒன்றும் நிஜத்தில் இன்னொன்றுமாக இருக்கும். நர்சிங் கவுன்சில் சொல்வது பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர். அந்தப் பத்தை வைத்தே கணக்குப் போடுவோம். ஒரு செமஸ்டரில் ஒரு பிள்ளையை இரண்டு முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம் பார்ப்பது என்றால் பத்துப் பேருக்கு ஐந்து மணி நேரம். இருபது பேர் என்றாலும் பத்து மணி நேரம். ஒரு செமஸ்டர் முழுவதுக்கும் அவ்வளவுதான். பகர்த்தி எழுதிய கேஸ் ஸ்டடிகளைப் புரட்டிக் கையெழுத்திட இதைவிட அதிக நேரம் போகிறது உங்களுக்கு.

நேரில் நின்று கற்றுக்கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. நெய்யூரில் மருத்துவ மிஷன் 1838 இல் தொடங்கியது. இந்தப் பல்கலைக்கழகங்களும் கவுன்சில்களும் இல்லாத காலத்திலேயே உள்ளூர் இளைஞர்களை அங்கே பழக்கி, சுற்றுவட்டார ஊர்களுக்கு மருந்தோடு அனுப்பினார்கள். எவரெஸ்ட் பயணக் குழுக்களில் 1922 லும் 1924 லும் இடம்பெற்ற மருத்துவர் சோமர்வெல், லண்டனில் கிடைக்கவிருந்த மருத்துவ வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூர் ஆஸ்பத்திரியில்தான் தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். அவர் பெயரில் காரக்கோணத்தில் இன்று ஒரு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பெயரை நாம் எடுத்துக்கொண்டோம். நோயாளியின் கட்டிலருகே வைத்துச் சொல்லிக்கொடுக்கிற பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாமே.

ஆகவே உங்களிடம் மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, ஒவ்வொரு மாணவரையும் செமஸ்டருக்கு இரண்டு முறையாவது நோயாளியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்த அன்றே, நன்றாகச் செய்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று என்று இரண்டு வரி அவரிடம் சொல்லி, அதையே லாக்புக்கில் எழுதுங்கள். அவசரத்தில் வர முடியாத நாளில் டியூட்டி சிஸ்டரிடம் கேளுங்கள். எங்களை யாரும் கேட்பதில்லை என்பது எங்களுக்குப் பழைய மனக்குறை.

இரண்டாவது, செய்முறைக்கான அந்த 50 மதிப்பெண்ணில் ஒரு பங்கை, நோயாளிக்கு அவர் மொழியில் விளக்குவதற்கு ஒதுக்குங்கள். தமிழோ மலையாளமோ, இரண்டும் கலந்த நம் பேச்சோ எதுவானாலும் சரி. நோயாளி திருப்பிச் சரியாகச் சொன்னால் மார்க். சொல்லாவிட்டால் மாணவர் மறுபடி விளக்கட்டும். லேப் டெக்னாலஜி மாணவர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பது எதற்கு என்று விளக்கலாம். பிசியோதெரபி மாணவர் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை விளக்கலாம். புதிய பாடத்திட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, இன்டர்னல் மார்க்கை இரண்டு வாரத்துக்குள் காரணத்தோடு காட்டுங்கள். எங்கே குறைந்தது என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள். ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் வழியில் எடுங்கள், மார்க்கைத் தொடாதீர்கள். முதல்வர்களே, துறைத் தலைவர்களே, இந்த இடத்தில் உங்கள் பொறுப்புதான் பெரிது. டியூட்டர்களுக்கு வார்டில் நிற்க நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். அந்த நேரத்தை டியூட்டி லிஸ்ட்டிலேயே எழுதுங்கள். ரெக்கார்டு நிறைந்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை பேரை நேரில் பார்த்தீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள்.

மூன்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பீர்கள். சரி. அடுத்த போஸ்டிங் முடிகிற நாளில் லாக்புக்குகள் உங்கள் மேஜைக்கு வரும். நேரில் பார்க்காத ஒன்றுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். காலியாக நிற்கும் கட்டங்களைப் பார்த்ததும் நீங்கள் வார்டுக்கு வர வேண்டியிருக்கும். வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர் ஒருத்தி,
அதியன்னூர்